நீரில் நானோகிராம் அளவிலுள்ள பிஸ்பீனால்-ஏ, ஈஸ்ட்ரோஜன்களை அளக்க: சிலைலேஷன் முதன்முறை செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஆற்றுநீரில் லிட்டருக்குச் சில நானோகிராம் அளவே கரைந்திருக்கும் பிஸ்பீனால்-ஏ, ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்களான ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரடையால், எத்தினைல் ஈஸ்ட்ரடையால் ஆகிய நான்கையும் ஜிசி-எம்எஸ் (வாயு நிறப்பிரிகை–நிறைமாலை) கருவியில் அளக்க முதன்முறையாக இறங்குகிற ஆராய்ச்சி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தச் சேர்மங்களின் ஹைட்ராக்சில் தொகுதிகள் கருவியின் நுழைவாயிற் கண்ணாடியிலும் பிரிகுழலிலும் ஒட்டிக்கொள்வதால், அப்படியே செலுத்தினால் பீக்கின் (கருவி வரையும் மேட்டின்) வால் நீண்டு, சிறிய அளவுகளில் காணாமலே போய்விடும். ஹைட்ராக்சிலில் உள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ட்ரைமெத்தில்சிலைல் தொகுதியை ஏற்றும் வேலைதான் சிலைலேஷன். வழிப்பொருளாக்கம், அதாவது ஆய்வகப் பேச்சில் டெரிவேட்டைசேஷன், என்பதன் ஒரு வகை இது. வினை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் செய்த தவறுகளால் ஒரு பருவத்தின் மாதிரிகள் அனைத்தையும் நான் இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டியதில்லை.

உங்கள் நிறுவனத்தில் எல்சி-எம்எஸ்/எம்எஸ் (திரவ நிறப்பிரிகை–நிறைமாலை) கருவி இருந்து, அதில் உங்களுக்குத் தேவையான உணர்திறனும் கிடைக்குமானால், முதலில் அதை முயன்று பாருங்கள், அங்கே சிலைலேஷன் தேவைப்படாது. கையில் இருப்பது ஜிசி-எம்எஸ் மட்டும்தான் என்றால் மேலே படியுங்கள்.

1. எந்த ரீஏஜென்ட் என்பதைச் சேர்மத்தின் தொகுதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஆல்டிஹைடு, கீட்டோன் ஆகியவற்றைத் தேடுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது டிஎன்பிஎச் அல்லது பிஎஃப்பிஎச்ஏ. இந்தக் கட்டுரை உங்களுக்கு அதிகம் உதவாது. பீனால், ஆல்கஹால் ஆகியவற்றுக்குச் சிலைலேஷன் பொருத்தமானது. கார்பாக்சிலிக் அமிலங்களுக்கும் இது பயன்படும். பழைய செய்முறைகள் அவற்றுக்கு டயசோமீத்தேன் சொல்லியிருந்தால் அந்த வழியில் போகாதீர்கள், அது நச்சும் வெடிக்கும் இயல்பும் கொண்டது.

நம் நான்கு சேர்மங்களுக்கும் 1% டிஎம்சிஎஸ் (ட்ரைமெத்தில்குளோரோசிலேன்) கலந்த பிஎஸ்டிஎஃப்ஏ என்ற சிலைலேஷன் ரீஏஜென்ட் போதுமானது. டிஎம்சிஎஸ் இங்கே வினையூக்கி. ஈஸ்ட்ரடையாலின் 17-ஆம் இடத்து ஹைட்ராக்சிலும், அதைவிட நெருக்கடியான இடத்தில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலின் ஹைட்ராக்சிலும் வினையூக்கி இல்லாமல் முழுமையாக மாறுவதில்லை.

2. ஆவணங்களை முதல் வாரத்திலேயே திரட்டுங்கள்

பிஎஸ்டிஎஃப்ஏ, டிஎம்சிஎஸ், வினைக்குக் கரைப்பானாகும் பிரிடின் மூன்றும் எளிதில் தீப்பற்றுபவை. டிஎம்சிஎஸ் அரிக்கும் தன்மையும் உடையது. ஆகவே கொள்முதல் விண்ணப்பத்தோடு ஒவ்வொன்றின் பாதுகாப்புத் தரவுத்தாளையும் இணைத்துக் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் போன என் விண்ணப்பம் இருமுறை திரும்பி வந்தது. ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த தூய ஒப்பீட்டுப் பொருள்) வாங்கும்போது பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள லாட் எண், தூய்மை விழுக்காடு, காலாவதி நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் அன்றே எழுதிவிடுங்கள். ஆய்வேட்டு மதிப்பீட்டாளரோ சஞ்சிகையின் மதிப்பாய்வாளரோ ஓராண்டு கழித்துக் கேட்கும்போது குப்பி குப்பைக்குப் போயிருக்கும்.

வெளி நிறுவனத்தின் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மாதிரிப் படிவம் மிக முக்கியம். கருவி எங்கெல்லாம் இருக்கிறது என்பதை ஐ-ஸ்டெம் என்ற இந்திய ஆய்வுக் கருவிகளின் இணையதளத்தில் தேடலாம். படிவத்தில் கரைப்பான் என்ற கட்டத்தில் 'பிரிடின்' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். 'சிலைலேஷன் ரீஏஜென்ட் எஞ்சியிருக்கும்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கருவியில் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசிய வேக்ஸ் வகைப் பிரிகுழல் மாட்டப்பட்டிருந்தால், உங்கள் மாதிரி அதைக் கெடுத்துவிடும். விலையுயர்ந்த அந்தக் குழல் கெட்டால் உங்களுக்கு அங்கே மறுமுறை நேரம் கிடைக்காது. 5% பீனைல் வகைக் குழல்தான் வேண்டும் என்று தொலைபேசியிலும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. செலவை மாதிரி எண்ணிக்கையால் கணக்கிடாதீர்கள்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். பன்னிரண்டு நீர் மாதிரிகள் இருந்தால், அவற்றோடு ஆறு புள்ளிகள் கொண்ட காலிபரேஷன் (ஸ்டாண்டர்டு கொண்டு கருவியை அளவுபடுத்தல்), மூன்று பிளாங்க் (மாதிரி இல்லாத வெற்றுச் சோதனை), தெரிந்த அளவு ஸ்டாண்டர்டு சேர்த்த இரண்டு மீட்புச் சோதனைகள், இடையில் ஒரு சரிபார்ப்பு ஸ்டாண்டர்டு என்று மொத்தம் 24 செலுத்தல்கள் ஆகும். கருவிக் கட்டணம் செலுத்தலுக்கு இவ்வளவு என்று இருந்தால், நீங்கள் நினைத்ததற்குச் சரியாக இருமடங்கு.

ரீஏஜென்ட்டுக்கும் இதே கணக்குதான். ஒரு வையலுக்கு (சிறு கண்ணாடிக் குப்பிக்கு) 50 மைக்ரோலிட்டர் என்றால் 24 வையலுக்கு 1.2 மி.லி. ஆகும். 25 மி.லி. குப்பி ஒரு மில்லிலிட்டருக்கு மலிவாகத் தெரியும். ஆனால் சென்னை போன்ற கடலோர ஊரில் அதை இரண்டாம் முறை திறக்கும்போதே ஈரக்காற்று உள்ளே போயிருக்கும். 1 மி.லி. ஆம்பூல்களாக வாங்கி, அன்று உடைத்ததை அன்றே தீர்த்துவிடுவதே கடைசியில் சிக்கனம். ஒரு சுற்றுக்கு இரண்டு ஆம்பூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் மிகுந்த விலை கொண்டது டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய இன்டர்னல் ஸ்டாண்டர்டுதான், அதாவது ஒவ்வொரு மாதிரியிலும் ஒரே அளவு சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள். அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பிரித்தெடுப்பில் எவ்வளவு இழந்தோம், வினை எவ்வளவு நடந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர விடை சொல்வது அதுதான். எனக்கு அது கைக்கு வந்து சேர ஏழு வாரங்கள் ஆயின. மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக அதற்கு ஆணை கொடுங்கள்.

4. உண்மை மாதிரியைத் தொடுமுன் பிளாங்க்கைச் சுத்தமாக்குங்கள்

பிஸ்பீனால்-ஏ நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது: பாலிகார்பனேட் கலங்களில், எப்பாக்சி பூச்சுகளில், கடையில் தரும் வெப்பத்தாள் ரசீதுகளில். சட்டைப் பையில் ரசீதை வைத்துக்கொண்டு, அதைத் தொட்ட விரல்களால் வையல் மூடியைத் திறந்தால் போதும், பிளாங்க்கில் பீக் வந்துவிடும்.

என் முதல் பிளாங்க்கில் பிஸ்பீனால்-ஏ பீக், ஆற்றுநீரில் வந்ததைவிட உயரமாக இருந்தது. கார்ட்ரிட்ஜ் (நீரிலிருந்து சேர்மங்களைப் பிடித்துவைக்கும் குழாய்), கரைப்பான், ரீஏஜென்ட் என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரீஏஜென்ட்டை மட்டும் செலுத்தியபோது பீக் இல்லை. கரைப்பானை ஆவியாக்கி வினைப்படுத்திச் செலுத்தியபோதும் இல்லை. கார்ட்ரிட்ஜ் வழியே கரைப்பானை மட்டும் விட்டபோது இருப்பதும் இல்லாததுமாக ஒரு சிறு மேடு. கார்ட்ரிட்ஜைக் கழுவும் நீரையும் சேர்த்தபோது பீக் முழு உயரத்துக்கு எழுந்தது. தூய நீரைப் பிடித்து வைத்திருந்த கலம் பாலிகார்பனேட். நீரை நேரடியாகக் கண்ணாடிக் குடுவையில் பிடிக்கத் தொடங்கிய அன்றே அந்தப் பீக் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. இந்த வரிசையில் நீங்களும் விலக்கிப் பாருங்கள். மூன்று நாள் வேலை, ஆனால் பின்னால் மூன்று மாதம் மிச்சமாகும்.

கண்ணாடிப் பொருள்களில் அளவுக்குறி இல்லாதவற்றை 450 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் சுட்டுவிடுங்கள். பிப்பெட், அளவுக்குடுவை போன்றவற்றைச் சுடக் கூடாது, அளவு மாறிவிடும். அவற்றை அசிட்டோனாலும் பிறகு எத்தில் அசிட்டேட்டாலும் கழுவினால் போதும்.

5. மாதிரி எடுப்பும் பிரித்தெடுப்பும்

பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டியில் 500 மி.லி. எடுத்து, கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டி, பிஎச் மதிப்பை 2-க்கும் 3-க்கும் இடையே கொண்டுவந்து, 4 டிகிரியில் வையுங்கள். ஏழு நாளுக்குள் பிரித்தெடுத்துவிட வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீராக இருந்தால் குளோரின் பிஸ்பீனால்-ஏயைத் தின்றுவிடும். அதை முறிக்க அஸ்கார்பிக் அமிலம் சேருங்கள். சோடியம் தயோசல்பேட்டைச் சேர்த்துவிட்டு அமிலமாக்கினால் கந்தகம் பிரிந்து நீர் பால்போலாகி, கார்ட்ரிட்ஜை அடைத்துக்கொள்ளும்.

இன்டர்னல் ஸ்டாண்டர்டை நீரிலேயே, பிரித்தெடுப்புக்கு முன்பே சேருங்கள். 200 மில்லிகிராம் எச்எல்பி (நீர்விரும்பும், கொழுப்புவிரும்பும் சேர்மங்கள் இரண்டையும் பிடிக்கும்) கார்ட்ரிட்ஜை 5 மி.லி. எத்தில் அசிட்டேட், 5 மி.லி. மெத்தனால், 5 மி.லி. நீர் என்ற வரிசையில் தயாராக்கி, மாதிரியை நிமிடத்துக்கு 5 மி.லி. வேகத்தில் விடுங்கள். 500 மி.லி. இறங்க 100 நிமிடங்கள் ஆகும். அவசரப்பட்டு வெற்றிடத்தைக் கூட்டினால் மீட்பு குறையும்.

6. ஈரத்தை வெளியேற்றுங்கள்

வேறு எந்தப் படியில் சலுகை எடுத்தாலும் இதில் எடுக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள்: 50 மைக்ரோலிட்டர் பிஎஸ்டிஎஃப்ஏ என்பது ஏறத்தாழ 190 மைக்ரோமோல். வெறும் மூன்றரை மைக்ரோலிட்டர் நீரிலும் அதே அளவு மைக்ரோமோல் இருக்கிறது, அவ்வளவு நீர் ரீஏஜென்ட் முழுவதையும் தீர்த்துவிடப் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒரு துளி அதைவிடப் பல மடங்கு பெரியது.

மாதிரி இறங்கி முடிந்ததும் கார்ட்ரிட்ஜை அரை மணி நேரம் உலர்த்துங்கள். வெறும் வெற்றிடத்தில் விட்டால் அறையின் ஈரக்காற்றையே அது இழுக்கும். நைட்ரஜனைச் செலுத்தி உலர்த்துவதே சரி. உலர்ந்துவிட்டதா என்பதை விரலால் அறியலாம். நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை கார்ட்ரிட்ஜின் அடிப்பகுதி சில்லென்று இருக்கும். ஈரம் போனதும் அறை வெப்பத்துக்குத் திரும்பிவிடும். சில்லிப்பு அடங்கிய பிறகு மேலும் பத்து நிமிடம் விடுங்கள்.

இப்போது 3 மி.லி. எத்தில் அசிட்டேட்டை இருமுறை விட்டுச் சேகரித்து, நான்கு மணி நேரம் சுட்ட நீரற்ற சோடியம் சல்பேட் வழியே கடத்துங்கள். உப்பு கட்டிக் கட்டியாகச் சேர்ந்தால் நீர் இருக்கிறது என்று பொருள். மணல்போல் உதிர்ந்து ஓடும் வரை புது உப்பு சேருங்கள். பிறகு 40 டிகிரியில், திரவத்தின் மேற்பரப்பில் சிறு குழி விழும் அளவுக்கு மட்டும் நைட்ரஜனை ஊதி வற்றவிடுங்கள். முழுக்க வற்றியதும் 100 மைக்ரோலிட்டர் டொலுயீன் சேர்த்து மறுபடியும் வற்றவிட்டால், ஒட்டியிருக்கும் கடைசி ஈரமும் டொலுயீனோடு போய்விடும்.

வற்றிய வையலை மூடி −20 டிகிரியில் வைத்து அன்றைக்கு வேலையை நிறுத்தலாம். இந்தச் செய்முறையில் நிறுத்துவதற்குப் பாதுகாப்பான இடம் இது ஒன்றுதான். மறுநாள் வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். வையல் அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் கொடுங்கள். குளிர்ந்த கண்ணாடியைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உட்சுவரில் பனிபோல் படியும். நவம்பர் மழையில் நான் செய்த இரண்டு சுற்றுகள் இப்படித்தான் வீணாயின.

காலிபரேஷன் ஸ்டாண்டர்டுகளிலும் இதே எச்சரிக்கை உண்டு. வணிக ஸ்டாண்டர்டுகள் பெரும்பாலும் மெத்தனாலில் கரைத்து வருகின்றன. மெத்தனாலுக்கும் ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால் அதுவும் ரீஏஜென்ட்டை உண்ணும். 10 மைக்ரோலிட்டர் மெத்தனால் உங்கள் 50 மைக்ரோலிட்டரில் பாதிக்கு மேல் தீர்த்துவிடும். ஸ்டாண்டர்டை வையலில் இட்டு, அதையும் மாதிரியைப் போலவே முழுக்க வற்றவிட்ட பிறகுதான் ரீஏஜென்ட் சேர்க்க வேண்டும்.

7. வினை

புகைக்கூண்டுக்குள் வேலை செய்யுங்கள். பிரிடின் நைட்ரைல் கையுறையை விரைவில் ஊடுருவிவிடும் என்பதால், மேலே பட்டால் அப்போதே கையுறையை மாற்றுங்கள்.

வற்றிய வையலில் 50 மைக்ரோலிட்டர் நீரற்ற பிரிடினும் 50 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட்டும் கண்ணாடிச் சிரிஞ்சால் சேர்த்து, டெஃப்லான் உறையிட்ட மூடியால் இறுக்கி, நன்றாகச் சுழற்றிவிட்டு, 60 டிகிரி வெப்பக்கட்டையில் 30 நிமிடம் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மூடியை ஒருமுறை மீண்டும் இறுக்குங்கள், சூட்டில் அது தளரும். சிரிஞ்சை உடனே எத்தில் அசிட்டேட்டால் கழுவாவிட்டால் ஊசி அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த பிறகு கரைசல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலோ இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தாலோ நீர் புகுந்திருக்கிறது. அதைக் கருவியில் செலுத்தாதீர்கள்.

பிரிடின் நாற்றம் பிடிக்காமல் அதற்குப் பதிலாக எத்தில் அசிட்டேட்டையோ அசிட்டோநைட்ரைலையோ பயன்படுத்தலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். என் முதற்பருவம் வீணானதற்கு அதுதான் காரணம். அந்தக் கரைப்பான்களில் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலின் 17-ஆம் இடத்து ஹைட்ராக்சில் முழுமையாக மாறுவதில்லை. அப்படிப் பாதி மாறியது கருவிக்குள் உடைந்து ஈஸ்ட்ரோன் வழிப்பொருளாகவே வெளியே வருகிறது. விளைவாக ஒரு சேர்மம் குறைவாகவும் இன்னொன்று கூடுதலாகவும் தெரியும், இரண்டு எண்களும் நம்பத்தக்கவையாகவே தோன்றும். ஆற்றில் ஈஸ்ட்ரோன் மிகுந்திருக்கிறது என்று நான் அறிக்கையே எழுதிவிட்டேன். தூய எத்தினைல் ஈஸ்ட்ரடையால் ஸ்டாண்டர்டை மட்டும் தனியே வினைப்படுத்திச் செலுத்திப் பார்த்த நாளில், ஈஸ்ட்ரோனே சேர்க்காத அந்த வையலிலும் ஈஸ்ட்ரோன் பீக் நின்றது. பிரிடினுக்கு மாறியதும் அது மறைந்தது. இந்தச் சோதனையை உங்கள் முதல் நாளிலேயே செய்துவிடுங்கள். ஒரே ஒரு வையல்தான் செலவு.

8. கருவியில் எதைத் தேட வேண்டும்

கருவி அமைப்புகளில் புதுமை ஏதும் இல்லை: 30 மீட்டர் நீளமும் 0.25 மி.மீ. உள்விட்டமும் கொண்ட 5% பீனைல் குழல், நிமிடத்துக்கு 1 மி.லி. ஹீலியம், 280 டிகிரி நுழைவாயில், பிரிக்காமல் (ஸ்பிளிட்லெஸ்) 1 மைக்ரோலிட்டர் செலுத்தல், 100 டிகிரியில் தொடங்கி நிமிடத்துக்குப் பத்து டிகிரியாக 300 வரை. பிரிடினும் மிஞ்சிய ரீஏஜென்ட்டும் வெளியேறும் வரை எம்எஸ் பகுதியின் மின்னிழையை (ஃபிலமென்ட்) எரியவிடாதீர்கள். தானியங்கிச் சிரிஞ்சின் கழுவு வையலில் மெத்தனால் இருந்தால் எத்தில் அசிட்டேட்டாக மாற்றச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு சிலைல் தொகுதியும் மூலக்கூறு நிறையை 72 கூட்டும். பிஸ்பீனால்-ஏ 228, இரண்டு தொகுதி ஏறியபின் 372, ஒரு மெத்தில் உதிர்ந்து 357-இல் முதன்மை அயனி வரும். ஈஸ்ட்ரோனுக்கு 342, ஈஸ்ட்ரடையாலுக்கு 416-உம் 285-உம், எத்தினைல் ஈஸ்ட்ரடையாலுக்கு 425-உம் 285-உம். 73, 147, 207, 281 ஆகியவை சிலிக்கான் சார்ந்த பின்னணி அயனிகள். அவற்றை அளவீட்டுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பதினாறு டியூட்டீரியம் கொண்ட பிஸ்பீனால்-ஏயை இன்டர்னல் ஸ்டாண்டர்டாகப் போட்டவர்கள் 357-உடன் 16 கூட்டி 373-ஐத் தேடி ஏமாறுவதுண்டு. ஹைட்ராக்சிலில் இருந்த இரண்டு டியூட்டீரியம் வினையிலேயே போய்விடும்; உதிரும் மெத்தில் மூன்றைக் கொண்டுபோகும்; மிஞ்சுவது பதினொன்று. எனவே நீங்கள் பார்க்க வேண்டியது 368.

வினை முழுமையாக நடந்ததா என்பதற்கும் நிறைகளே சாட்சி. ஈஸ்ட்ரடையாலில் 344 தெரிந்தால் ஒரு தொகுதிதான் ஏறியிருக்கிறது. ஒரே ஸ்டாண்டர்டை 15, 30, 60, 120 நிமிடங்கள் வினைப்படுத்திப் பீக் பரப்பு எந்த நேரத்தில் ஏறுவதை நிறுத்துகிறது என்று ஒருமுறை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. நேரத்தைப் பின்னிருந்து திட்டமிடுங்கள்

ஒரு செலுத்தலுக்குக் குழல் குளிரும் நேரமும் சேர்த்து 35 நிமிடம் என்றால், 24 செலுத்தலுக்குப் பதினான்கு மணி நேரம். வழிப்பொருள்கள் ஈரம் பட்டால் பழைய நிலைக்குத் திரும்புபவை. 24 மணி நேரத்துக்குள் எல்லாம் செலுத்தப்பட்டுவிட வேண்டும். ஆகவே கருவி கிடைக்கும் நாளை முதலில் உறுதி செய்து, அதற்கு முந்தைய மாலை மாதிரிகள் வற்றிய நிலையில் −20 டிகிரியில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, கருவி நாளின் காலையில் வினைப்படுத்துங்கள். ஒருமுறை துளைத்த மூடியை மாற்றாமல் மறுநாள் மறுபடி செலுத்தாதீர்கள். காலிபரேஷன் வையல்களை எல்லாம் முதலிலேயே செலுத்திவிடாமல், பாதியைத் தொடக்கத்திலும் பாதியைக் கடைசியிலும் வைத்தால், இரவில் ஏதேனும் சிதைந்திருந்தால் அது தெரிந்துவிடும்.

10. எண்ணை எழுதும் முன்

500 மி.லி. நீர் 100 மைக்ரோலிட்டராகச் சுருங்கியிருக்கிறது. அதாவது 5000 மடங்கு செறிவு. வையலில் மி.லி.க்கு 50 நானோகிராம் என்றால் ஆற்றில் லிட்டருக்கு 10 நானோகிராம். பிஸ்பீனால்-ஏக்குக் கண்டறியும் எல்லையைக் கருவியின் இரைச்சலிலிருந்து கணக்கிடாமல், குறைந்தது ஏழு முழுச்செய்முறை பிளாங்க்குகளின் சராசரியோடு திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டிக் கணக்கிடுங்கள். எல்லை உயர்ந்துதான் தெரியும். ஆனாலும் அதுவே உண்மையான எல்லை.

மிஞ்சிய ரீஏஜென்ட்டை நீர்த்தொட்டியில் ஊற்றக் கூடாது. புகைக்கூண்டுக்குள் ஐசோபுரோப்பனாலில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து முறித்து, ஆலசன் கலந்த கரிமக் கழிவுப் புட்டியில் ஊற்றி, புட்டியில் நாளையும் உள்ளடக்கத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அழுத்தம் சேராதிருக்க அன்று இரவு மூடியைச் சற்றே தளர்வாக விட்டுப் புகைக்கூண்டிலேயே வைத்து, மறுநாள் இறுக்குங்கள்.